தறிக்கூடத்தில் இழுத்த கண்ணாடி இழை

எங்கள் தெருவில் வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியை யாரும் தனியாகப் பிரிப்பதில்லை. கார்கோ வண்டி இறக்கிவிட்டுப் போனதும் வீடே கூடி உட்காரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா வந்ததுபோல வந்து நிற்பார்கள். டேப்பைக் கிழிக்க ஒரு ஆள், சாமானை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள், யாருக்கு எது என்று சொல்ல ஒரு ஆள். கம்பளி, பால்பவுடர், தலைவலித் தைலம், சோப்பு, பிஸ்தா. என்ன வரும் என்று எல்லோருக்கும் முன்னமே தெரியும், இருந்தாலும் கூடுவார்கள்.

கணவர் அங்கேயே வேலையில் இருக்க, நான் மட்டும் ஷார்ஜாவை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது என் பெட்டியையும் அப்படித்தான் நடுவீட்டில் வைத்துப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது பித்தளையில் செய்த, சுடரைப் பீய்ச்சும் ஒரு டார்ச் அடுப்பு, ரப்பர் குழாய்கள், ஊதா நிறத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி, பழைய துணியில் சுற்றிய கண்ணாடிக் குச்சிகள், கண்ணாடிக் குழாய்கள். மாமியார் ஒரு குச்சியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது என்னதுட்டி, ஊதுபத்தியா?"

என் கணவரின் அண்ணன், நான் மச்சான் என்று கூப்பிடுபவர், பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவினார். "கம்பளி எங்க?"

"கம்பளி தென்காசியிலயே கெடைக்கி மச்சான். இது கெடைக்காது."

கூடியவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா போகும்போது என் மாமியாரை அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும் என்று பிறகு பலர் சொன்னார்கள். வெட்கமாக இல்லை. ஒரு கம்பளியாவது போட்டிருக்கலாமே என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதும் இல்லை.

ஷார்ஜாவில் என் கணவருக்கு ஏசி பழுது பார்க்கும் வேலை. ஊரில் உள்ளவர்கள் வாழ்வு என்று நினைத்தது, மேல்மாடியில் ஒரு அறையும் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகளும்தான். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். கல்லூரி லேபில் கண்ணாடிக் குழாயை பர்னரில் காட்டி வளைப்பது முதல் வருடப் பாடம். மற்றவர்கள் வளைத்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள், நான் அங்கேயே நின்று இன்னொரு குழாயைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பேன். விறைப்பான ஒரு பொருள் வெல்லப்பாகாக மாறித் தொங்குவதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆசை. ஷார்ஜாவில் விடுமுறை நாள்களில் கண்ணாடி வேலை கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்தேன். "நீ பாத்துக்க" என்றார் கணவர். எந்த விஷயத்துக்கும் அவர் சொல்வது இதுதான்.

அங்கே கற்றுக்கொடுத்தவள் சிரியாக்காரி. வேலையைவிட அதன் சரித்திரத்தைச் சொல்வதில்தான் அவளுக்கு உற்சாகம். கண்ணாடியை முதன்முதலில் ஊதியது எங்கள் கரையோரம்தான் என்று ஆரம்பிப்பாள். அது உண்மையும்கூட. அதற்கு முன்பே உலகத்தில் கண்ணாடி உண்டு. அச்சில் வார்ப்பார்கள், களிமண் உருவைச் சுற்றிக் கண்ணாடி இழையைச் சுற்றிப் பாத்திரமாக்குவார்கள். ஒரு குழாயின் முனையில் இளகிய கண்ணாடியை எடுத்து மூச்சை விட்டால் அது உப்பும் என்று ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் சிரியா, பாலஸ்தீனப் பக்கத்தில் எவரோ கண்டார்கள். ஊதிய அந்த வாய் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு வெனிஸ். உலைகளால் ஊர் தீப்பிடித்துவிடும் என்று பட்டறைகளையெல்லாம் முரானோ என்ற பக்கத்துத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீவில்தான் நான் செய்யும் வேலை முழுசாக உருவானது. தெளிந்த கண்ணாடிக்குள்ளே பால்வெள்ளை இழைகளை ஓடவிடுவது. நேராக ஓடலாம். முறுக்கி ஓடலாம். குறுக்கும் நெடுக்குமாக வலைபோல ஓடி, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு காற்றுக்குமிழி நிற்கும்படியும் செய்யலாம். மொத்தத்துக்கும் ஃபிலிகிரானா என்று பெயர். எனக்குத் தெரிந்தது நடுவில் சொன்ன முறுக்கு வகை மட்டும், அதை நான் முறுக்கிழை என்கிறேன்.

தொழில் தெரிந்தவன் தீவை விட்டு ஓடிப்போகக் கூடாது என்று அங்கே சட்டம் இருந்திருக்கிறது. போனால் ஆள்விட்டுத் தேடுவோம், குடும்பத்தைப் பிடிப்போம் என்று மிரட்டல். இருந்தும் ஓடினார்கள். ஜெர்மனிப் பக்கம், ஹாலந்து, இங்கிலாந்து என்று போன இடத்திலெல்லாம் அதே இழையை இழுத்தார்கள். 'வெனிஸ் மாதிரி' என்றே அந்தச் சரக்குக்குப் பெயர் வந்தது. எனக்குப் பிடித்தது அந்த ஓடிய ஆட்களைத்தான். விளக்குச் சுடரில் கண்ணாடியை இளக்கிப் பாசிமணி செய்த பெண்களும் வெனிஸில் நிறைய பேர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

ஒருநாள் நானும் வாயைத் திறந்தேன். எங்கள் நாட்டிலும், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கேயும் அந்தக் காலத்திலேயே கண்ணாடியைக் குழாயாக நீள இழுத்து, நறுக்கிப் பாசியாக்கிக் கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள், இழுக்கிற வேலை எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை என்றேன். சிரியாக்காரியின் முகம் கொஞ்சம் மாறியது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

மாமியார் வீடு தென்காசியில் நெசவாளிகள் தெருவில். பின்கட்டில் நீளமாக ஒரு தறிக்கூடம். மாமனார் காலத்தில் அங்கே குழித்தறிகள் ஓடின. தரையில் குழி தோண்டி அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்யும் தறிகள். அவர் மவுத்தான பிறகு கழற்றி விற்றுவிட்டார்கள். இதைப் பற்றி நான் உருகி எழுதுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும். தறி வெளியேறிய நாளில் அந்த வீட்டில் ஒருவரும் அழவில்லை. முழங்கால் வலி விட்டது என்றார் மாமியார். நான் போனபோது கூடத்தில் ஓட்டை சைக்கிளும் ஓடாத கிரைண்டரும் கிடந்தன.

எனக்கு அந்த நீளம்தான் வேண்டியிருந்தது. ஆனால் என் அடுப்பு எரிவது சமையல் காஸில், அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். முதல் வேலையாகத் தறிக்குழிகளை மண் போட்டு நிரப்பிச் சிமெண்ட் பூச ஆள் கூப்பிட்டேன். மச்சான் ஓடி வந்தார்.

"வாப்பா உக்காந்த குழில்லா அது."

"அப்பம் நீங்க உக்காந்து நெய்யுங்க மச்சான். நான் மூடல."

அவர் கடைக்குப் போய்விட்டார். அவருக்குத் தென்காசியில் ஃபாரின் சாமான் கடை. சீசன் நேரத்தில் குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் வழியில் இன்னொரு கடையும் போடுவார். ஃபாரின் என்று அவர் சொல்வதில் பாதிக்கு மேல் எந்த ஊர்ச் சரக்கு என்று அவருக்கே தெரியாது. கெட்ட மனிதர் இல்லை. வீட்டுக்குக் கஷ்டம் வந்தபோதெல்லாம் முதலில் நின்றவர் அவர்தான். ஆனால் அந்த வீட்டில் எது நடந்தாலும் அவர் சொல்லித்தான் நடந்தது என்று இருக்க வேண்டும். எனக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

வெல்டிங் பட்டறைக்காரரிடம் ஆக்சிஜன் சிலிண்டர் பிடித்தேன். திருநெல்வேலியில் பல் கட்டும் லேப் ஒன்றில் பழைய மின்சார உலை ஒன்று கிடைத்தது. செய்த கண்ணாடியை அதற்குள் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் தானாகவே விரிசல் விட்டுத் தெறிக்கும். எல்லாம் வந்துசேர்ந்த பிறகுதான் என் புத்திக்கு முக்கியமான விஷயம் உறைத்தது. முறுக்கிழை இழுக்க இரண்டு பேர் வேண்டும். கை எட்டும் தூரத்துக்கு என்றால் ஒருத்தியே இழுத்துக்கொள்ளலாம். கூடத்தின் நீளத்துக்கு இழுக்க மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும்.

என் நாத்தனார், கணவரின் தங்கை, அந்த வீட்டில்தான் இருந்தாள். கிட்டத்தட்ட என் வயது. கல்யாணமாகிப் போய்ச் சீக்கிரமே திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. வந்த நாளிலிருந்து சமையல்கட்டில் பாதி அவள்தான். யாரும் அவளைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை, அவளிடம் எதையும் கேட்டதும் இல்லை. விருந்தாளியாகவும் இல்லாமல் வீட்டு ஆளாகவும் இல்லாமல் இருந்தாள்.

முதல் சில நாள் கூடத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். அப்போது நான் ஒரு முட்டாள்தனம் செய்துகொண்டிருந்தேன். நிறம் வேண்டும் என்று உடைந்த வளையல் துண்டுகளை என் குச்சிகளோடு சேர்த்து உருக்கினேன். சூட்டில் அருமையாக ஒட்டும். மறுநாள் உலையைத் திறந்தால் விரிசல் விட்டுக் கிடக்கும். வளையல் கண்ணாடி சுருங்குவது ஒரு அளவு, என் குச்சிகள் லேப் கண்ணாடி, அது சுருங்குவது வேறு அளவு.

"சூட்டுல ஒட்டிக்கிடுதது, ஆறுனா ஆகலியோ" என்றாள் வாசலில் இருந்து. "எங்க வீட்டு ஆளும் நானும் மாதிரி."

அவள் தன் புருசனைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் சிரித்தோம். உள்ளே வா என்றேன். வந்தாள்.

வேலை இதுதான். தெளிந்த கண்ணாடியில் தடியாக ஓர் உருண்டை. அதன் முதுகில் வெள்ளைக் குச்சிகளைக் கோடுகோடாக ஒட்டி, மேலே இன்னொரு சுற்றுத் தெளிந்த கண்ணாடி போர்த்தி, முழுசாக இளகும்வரை சுடரில் உருட்ட வேண்டும். இந்த முனையில் ஒரு குச்சி, அந்த முனையில் ஒரு குச்சி. சுடரிலிருந்து எடுத்ததும் உடனே இழுக்கக் கூடாது. மேல்தோல் கொஞ்சம் இறுகட்டும் என்று ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். பிறகு ஒருத்தி இருந்த இடத்தில் குச்சியை ஒரு பக்கமாக உருட்ட, மற்றவள் எதிர்ப்பக்கமாக உருட்டிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். வேகம் குறைந்தால் நடுவில் தொய்ந்துவிடும், கூடினால் அறுந்துவிடும். சரியாக வந்தால் அந்த உருண்டை நூல்போல நீண்டு, உள்ளே வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஓடுவது கண்முன்னே தெரியும்.

நான் கடையத்துக்காரி, வயற்காட்டு வீடு. எனக்கு நூலும் தெரியாது பாவும் தெரியாது. அவள், தறிக்குப் போகும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டும்போது கூடவே நடந்து வளர்ந்தவள். பின்னால் நடக்கிற நடை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இழையின் இழுவையைக் கையில் வாங்கிக்கொண்டு, குதிகாலால் தரையைத் தொட்டுத் தொட்டு, ஒரே சீராகப் போனாள். ஷார்ஜாவில் நான் மாதக்கணக்கில் முக்கியது அவளுக்கு ஒரு காலை நேரத்தில் வந்துவிட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் அதே பழக்கம்தான் அவள் கையைச் சுட்டது. ஒருநாள் இழுக்கும்போது அவள் பக்கத்தில், உருண்டையை ஒட்டி, இழை அறுந்தது. அறுந்த கண்ணாடியை யாரும் தொட மாட்டார்கள். அதைத் தொடாதே என்று சிரியாக்காரி எனக்குச் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. நானும் நாத்தனாருக்குச் சொல்லவில்லை. ஆனால் நெசவு வீட்டுப் பெண்ணுக்கு இழை அறுந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் யோசிக்காமல் ஓடும். இரண்டு முனையையும் பிடித்துச் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கும். அவள் விரல்கள் ஓடின. இளகிய முனையைப் பிடித்து முறுக்கியேவிட்டாள்.

விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளை இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்தேன். மாமியார் பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், அதைப் பூசவிடாமல் தண்ணீரிலேயே வைத்திருந்தேன். விரல் நுனிகள் வெளுத்து உப்பிவிட்டன.

"அறுந்தா விட்டுரணும்னு சொல்லி எங்க வாப்பா வளக்கல மைனி" என்றாள். கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்பும் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அடுப்பில் இன்னொருத்தி கை வெந்துவிட்டதே. வேண்டாம், இதோடு நிறுத்திவிடலாம் என்று அன்றைக்கு நானே சொன்னேன். அவள்தான் கேட்கவில்லை. புண் ஆறியதும் திரும்ப வந்து நின்றாள். குச்சி உருட்டாத கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள், அது இனி எங்கேயும் ஓடாது என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான் இழுக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு யாரிடமோ சண்டைக்கு நிற்பவள் மாதிரி இருக்கும்.

இழுத்த இழைகளைத் துண்டுகளாக நறுக்கி, கண்ணாடிக் குழாயின் மேல் வரிசையாகப் பதித்து, இளக்கி, திருகி, ஊதி, சின்னச் சின்ன அத்தர் சீசாக்கள் செய்தோம். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளை இழைகள் அடியிலிருந்து கழுத்துவரை சுற்றி ஏறும். எங்களுக்கே நம்ப முடியவில்லை. மாமியார் ஒன்றை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நூல எப்படிட்டி விட்டிய?" என்றார். மச்சான் ஒன்றும் சொல்லாமல் எல்லாச் சீசாவையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். சீசன் தொடங்கியிருந்தது. அவர் கடையில் எங்கள் சரக்கு என்று நாங்களும் பெருமையாகத்தான் இருந்தோம்.

பார்க்கலாமே என்று ஒரு சாயங்காலம் நானும் அவளும் ஐந்தருவிக்குப் போனோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரும் கூட்டம் கடைகளில் மொய்த்தது. மச்சான் கடையில் எங்கள் சீசாக்களுக்குத் தனித் தட்டு, தனி பல்பு. மேலே ஒரு போர்டு: துபாய் அத்தர் சீசா.

போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு பெண் ஒரு சீசாவை எடுத்துப் பார்த்தார். பக்கத்து வீரகேரளம்புதூர்க்காரர் என்று பேச்சில் தெரிந்தது. கூட வந்த தன் அக்காவிடம் அலுத்துக்கொண்டார். "எங்க வீட்டு அவுகளும் துபாய்லதான் கெடக்காவ. இப்பிடி ஒண்ணு அனுப்பணும்னு தோணிருக்கா பாரு."

அந்த ஆளுக்காக நான் வாயைத் திறந்தேன் என்று சொன்னால் பொய். எனக்காகத்தான் திறந்தேன். "அவுகளக் கொற சொல்லாதிய. இது துபாய்ல கெடைக்காது. தென்காசில செஞ்சது. நாங்க ரெண்டு பேருந்தான் செஞ்சோம்" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார். பிறகு சீசாவைத் தட்டில் வைத்தார். "தென்காசியா? நான் ஃபாரின்னுல்லா நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று மச்சான் பல வருடமாக அறிந்து வைத்திருந்ததை நான் அந்த ஒரு நிமிடத்தில் அறிந்தேன். அவமானமாக இருந்தது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. தென்காசியில் நல்லது எதுவும் உண்டாகாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தானே. ஊரே கூடி உட்கார்ந்து பெட்டி பிரித்தவர்கள்தானே.

மச்சான் கூட்டத்துக்கு முன்னால் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பேசினார். நான் கடையின் பேரைக் கெடுத்துவிட்டேன். வியாபாரம் தெரியாதவள் வியாபாரத்தில் வாயை விடக் கூடாது. "தென்காசின்னு சொன்னா எவன் வாங்குவான்? சொல்லு" என்றார்.

"வாங்காட்டாப் போகட்டும் மச்சான். எங்க வேலைய இன்னொரு ஊருக்காரன் பேர்ல விக்காதிய."

மறுநாள் காலை தறிக்கூடத்தின் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கேட்டதற்கு, தங்கச்சி கை வெந்ததை அவரால் பொறுக்க முடியவில்லையாம். தீயோடு விளையாட்டு வேண்டாமாம். வெந்தபோது ஒரு வார்த்தை பேசாமல் சீசாவைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனவர், போர்டைப் பற்றிப் பேசிய பிறகு வெந்த விரலைக் கண்டுபிடித்தார். அந்தப் பூட்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

உள்ளே அடுப்பு, உலை, சிலிண்டர், இழுத்து வைத்த இழைகள் எல்லாம் மாட்டிக்கொண்டன. கணவருக்கு போன் செய்தேன். "அண்ணன் எதச் செஞ்சாலும் நல்லதுக்குத்தான் செய்வான், நீ பாத்துக்க" என்றார். கடையத்துக்குப் போய் என் வாப்பா வீட்டில் அடுப்பைப் போடலாமா என்று யோசித்தேன். போயிருப்பேன். ஆனால் அங்கே மறுமுனையைப் பிடிக்க அவள் இருக்க மாட்டாள். எனக்குப் போக ஒரு வாப்பா வீடு இருந்தது. அவள் ஏற்கெனவே வாப்பா வீட்டில்தான் இருந்தாள், அந்த வீட்டில்தான் அவளுக்கு இடமில்லாமல் இருந்தது.

நான் பொருமிக்கொண்டிருந்த அந்த நாள்களில் அவள் வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மச்சான் சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் பக்கத்தில். அவள் சோற்றைப் பரிமாறிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வாப்பா சொத்துல எனக்குள்ளத நான் எப்பம் வேண்டாம்னு சொன்னேன் அண்ணே?"

அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "இப்பம் எதுக்கு அது?"

"சொன்னனா?"

"யாரும் கேக்கவுமில்ல, நீ சொல்லவுமில்ல. பொம்பளப் பிள்ளைய கூடப்பொறந்தவனுக்கு விட்டுக் குடுக்கதுதான வழக்கம்."

"வழக்கத்தச் செஞ்சது யாரு? நான் விட்டுக் குடுக்கல."

எங்கள் பக்கத்தில் இது ஒரு பெரிய வார்த்தை. பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும், மார்க்கம் சொல்கிறது என்று பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் கேட்கிற பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணன் தம்பி வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று பயந்து, யாரும் கேட்காமலேயே விட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும்.

"ஒனக்கு இங்கன என்ன கொற? சோத்துக்குக் கொறயா, துணிக்குக் கொறயா?" மச்சானின் குரல் உடைந்திருந்தது. உண்மையாகவே அவருக்கு வலித்தது என்றுதான் நினைக்கிறேன்.

"சோறு கேக்கல அண்ணே. பங்கு கேக்குதேன். வீட்ட இடிச்சுக் குடுக்கச் சொல்லல. என் பங்குக்குத் தறிக்கூடத்தத் தந்துருங்க. கூடக் கொறயன்னா நீங்களே கணக்குப் பாத்துச் சொல்லுங்க."

"தம்பியக் கேக்காம நான் எப்பிடிச் சொல்ல?"

நான் போனை எடுத்து அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். விஷயத்தை அவளே சொன்னாள். மறுபக்கம் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. வழக்கமான பதில்தான் வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அது அவளுக்குள்ளதுதான அண்ணே" என்றார் என் கணவர். "குடுத்துரணும்லா."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் எனக்காகப் பேசிய நல்ல வார்த்தை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இத்தனைக்கும் அது எனக்காகப் பேசியதும் இல்லை.

மச்சான் கடைசியாகத் தன் உம்மாவைப் பார்த்தார். மாமியார் சாப்பிடுவதை நிறுத்தவே இல்லை. மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"புருசன் சொத்துல எனக்கும் எட்டுல ஒண்ணு உண்டு. அதையும் அந்தக் கூடத்துலயே சேத்துரு. இவளுக்கு எடம் பத்தாட்டா என்ன செய்ய."

மச்சான் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, பையிலிருந்து சாவியை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அவள் உடனே எடுக்கவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

ஊர் பேசியது. அண்ணனைச் சபையில் நிறுத்தினாள் என்றார்கள், வெளியூர் மைனி கெடுத்துவிட்டாள் என்றார்கள். சபை எதுவும் கூடவில்லை, ஒரு மத்தியானச் சாப்பாடுதான். கெடுத்தவள் நான்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உண்மையில்லை. எனக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தோன்றவில்லை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள், கோபப்படத்தான் தெரியும். கேட்கிற உரிமை அவளுக்கு இருந்தது. அவள் கேட்டாள்.

அடுத்த சீசனுக்குள் எங்கள் கை நன்றாகத் திருந்தியிருந்தது. இழைகள் இன்னும் மெலிசாக வந்தன. சீசாக்களின் அடியில் தென்காசி என்று பொறித்து, தறிக்கூடத்து வாசலிலேயே விற்றோம். சிலர் வாங்கினார்கள். சிலர் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். வைத்துவிட்டுப் போனவர்களை நான் இப்போதெல்லாம் பின்னால் கூப்பிட்டு எதுவும் சொல்வதில்லை.

சாரல் ஆரம்பித்த வாரத்தில் ஒருநாள் மச்சான் தறிக்கூடத்துக்கு வந்தார். பூட்டிய நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. வாசலில் நின்று, அடுத்த வீட்டுக்குப் போகிறவர்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, "வரலாமா?" என்று கேட்டார்.

"செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க அண்ணே" என்றாள் அவள். "தரையெல்லாம் கண்ணாடி."

அவர் குனிந்து செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அலமாரியில் இருந்ததையெல்லாம் பார்த்தார். ஒரு சீசாவை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, அடியில் இருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கடைக்குக் கொஞ்சம் சரக்கு வேண்டும், சீசன் நல்லா இருக்கும் போலத் தெரியுது என்றார்.

"போர்டுல தென்காசின்னு எழுதுவியளா?" என்று கேட்டாள்.

"எழுதுனாப் போகாதும்மா."

"போகாட்டா இங்கனயே இருக்கட்டும் அண்ணே. எடம் நெறயக் கெடக்கு. என் எடந்தான."